ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகாவிட்டால் கிறிஸ்தவர் இல்லையா? - திருச்சபைகளும் நீதிமன்றமும் சொல்வது என்ன?

"எய்யா, மொத மணி அடிச்சாச்சு. இன்னும் படுத்துக் கெடக்கியே?"

"அம்மா, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நாலு மணிக்குத்தான் படுத்தேன். செல்லுல பாத்துக்கிறேன்."

"செல்லுல சோத்தப் பாத்தா வயிறு நெறையுமா?"

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல கிறிஸ்தவ வீடுகளில் இப்படி ஒரு வாக்குவாதம் நடக்கும். ஊரைவிட்டு சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போன பிள்ளைகளிடம் போனிலும் இதே கேள்விதான்: "கோயிலுக்குப் போனியா?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். அதாவது 6 சதவீதத்துக்குச் சற்று அதிகம். இத்தனை பேருக்கும் பொதுவான ஒரு கேள்வி இது. ஞாயிறு ஆராதனைக்குப் போவது கட்டாயமா? போகாவிட்டால் என்ன ஆகும்? கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் சிக்கல் வருமா? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைபிள் என்ன சொல்கிறது?

'ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போக வேண்டும்' என்று நேரடியாகச் சொல்லும் வசனம் பைபிளில் கிடையாது. பத்துக் கட்டளைகளில் வரும் ஓய்வுநாள் கட்டளை யூதர்களின் சனிக்கிழமையைக் குறிப்பது. அதனால்தான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் இன்றைக்கும் சனிக்கிழமையில்தான் ஆராதிக்கிறார்கள்.

ஆனால் கூடிவருவது பற்றிப் புதிய ஏற்பாட்டில் பல இடங்களில் இருக்கிறது. ஆதி விசுவாசிகள் ஒன்றாகக் கூடி, அப்பம் பிட்டு, ஜெபம் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 2-ம் அதிகாரம் விவரிக்கிறது. வாரத்தின் முதல் நாளில் அவர்கள் கூடியதைப் பற்றி 20-ம் அதிகாரம் பேசுகிறது. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஞாயிறு முக்கியமானது.

ஞாயிறு ஆராதனையை வலியுறுத்தும் போதகர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது எபிரெயர் 10:25. சிலர் சபை கூடிவருவதையே விட்டுவிட்டதைச் சொல்லி, அப்படிச் செய்யாமல் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தும் வசனம் அது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிறிஸ்தவம் தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே 'கூட்டத்துக்கு ஆள் வரவில்லை' என்ற குறை இருந்திருக்கிறது!

மறுபக்கம், தனி ஜெபத்தை ஆதரிப்பவர்கள் மத்தேயு 6-ம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அறைக்குள் போய், கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னார் இயேசு என்பது அவர்கள் வாதம். ஆனால் பிறர் பார்க்க வேண்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களைக் கண்டித்துச் சொன்னது அது. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது இயேசுவின் வழக்கம் என்று லூக்கா 4-ம் அதிகாரம் சொல்கிறது.

வழக்கம் சட்டமானது எப்படி?

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் ஒரு பகுதியை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்பது அதில் உள்ள தகவல்.

155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் எழுதிய விளக்கம் இன்னும் விரிவானது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். வேதம் வாசிக்கப்படும். பிரசங்கம் நடக்கும். அப்பமும் ரசமும் பகிரப்படும். காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்களுக்குப் போகும். வர முடியாதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வராதவருக்குத் தண்டனை பற்றி அதில் பேச்சே இல்லை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம், நகரத்தில் இருந்துகொண்டே மூன்று ஞாயிறு வராதவரைக் கொஞ்ச காலம் விலக்கி வைக்கச் சொன்னது. அதே காலத்தில், 304-ல், வட ஆப்பிரிக்காவின் அபிதினே ஊரைச் சேர்ந்த 49 பேர் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகக் கைதாகி உயிரையே விட்டார்கள். 321-ல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தார்.

அரசும் சபையும் கைகோத்த பிறகு, கூடிவருவது சட்டக் கடமையானது. இங்கிலாந்தில் 1559-ல் வந்த சட்டப்படி, ஞாயிறு கோயிலுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். 1581-ல் அது மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. அரசின் சபையை ஏற்காத கத்தோலிக்கர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் இந்தக் கெடுபிடி. ஒரு காலத்தில் கோயிலுக்குப் போனதற்காக உயிர் போனது. இன்னொரு காலத்தில் போகாததற்காகச் சொத்து போனது.

கத்தோலிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு 'ஆம், கட்டாயம்' என்று எழுத்துபூர்வமாகவே பதில் வைத்திருப்பது கத்தோலிக்கத் திருச்சபை. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ம் விதிப்படி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்பது கடமை. சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலும் கணக்குதான். தக்க காரணம் இல்லாமல், வேண்டுமென்றே தவிர்ப்பது கனமான பாவம் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூல்.

'வேண்டுமென்றே' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. உடல்நலக் குறைவு, கைக்குழந்தையைக் கவனித்துக்கொள்வது போன்றவை தக்க காரணங்கள் என்று அதே நூல் சொல்கிறது. பங்குத்தந்தை விலக்கு அளிக்கவும் இடமுண்டு. தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. அவர்கள் தவறவிடும் ஞாயிறுகள் பாவக் கணக்கில் சேராது. கரையில் இருக்கும்போது நிலைமை வேறு. தென் கடலோரத்துக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதே இல்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு.

சாமியார் வர முடியாத ஊர்களுக்கு என்ன வழி? அங்கே இறைவார்த்தை வழிபாட்டிலோ, குடும்பமாகச் சேர்ந்து ஜெபிப்பதிலோ ஈடுபடலாம் என்கிறது 1248-ம் விதி. மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் பூசை நடக்கும் கிளைக் கிராமங்களில், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவது இப்படித்தான்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில்?

சீர்திருத்தச் சபைகளின் பார்வை வேறு. மார்ட்டின் லூதரின் கருத்துப்படி, ஒரு நாள் மற்றொரு நாளைவிடப் புனிதமானது அல்ல. ஆனால் மக்கள் கூடி வசனம் கேட்க ஒரு நாள் வேண்டும். வழக்கமாக இருப்பதால் அது ஞாயிறாகவே இருக்கட்டும். 'போனால்தான் ரட்சிப்பு' என்று இந்தச் சபைகள் சொல்வதில்லை. விசுவாசத்தால் ரட்சிப்பு, ரட்சிக்கப்பட்டவர் சபையைத் தேடுவார் என்பது அவர்கள் பாடம்.

1947 செப்டம்பர் 27-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., இந்த மரபில் வந்தது. இங்கே வருகைப் பதிவேடு கிடையாது. ஆனால் சபைப் பட்டியல் உண்டு. சந்தா, திருவிருந்தில் பங்கேற்பு போன்றவற்றை வைத்துத்தான் சபைத் தேர்தலில் ஓட்டு போடும் தகுதி முடிவாகும். விவரங்கள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும்.

பெந்தெகொஸ்தே, சுயாதீனச் சபைகளில் எழுதிவைத்த சட்டம் குறைவு, கண்காணிப்பு அதிகம். ரெண்டு வாரம் ஆளைக் காணோம் என்றால் பாஸ்டரிடமிருந்து போன் வரும். அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போவார். சிலருக்கு இது அக்கறை. சிலருக்குத் தொந்தரவு.

போகாவிட்டால் கல்யாணம், கல்லறைக்குச் சிக்கல் வருமா?

சாமானிய மக்களின் உண்மையான கவலை இதுதான். "நல்லது கெட்டதுக்கு நாளைக்கு நாலு பேர் வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்பது இதை மனதில் வைத்துத்தான்.

முதலில் கல்யாணம். கோயிலில் திருமணம் என்றால் மணமக்களின் பெயர்களை ஆராதனையில் 'ஓலை வாசிக்க' வேண்டும். ஞானஸ்நானச் சான்று வேண்டும். வெளியூர் என்றால் சொந்தச் சபையின் கடிதம் வேண்டும். எந்தக் கோயிலிலும் முகம் காட்டாத ஒருவர் இதற்கெல்லாம் திடீரென்று போய் நிற்கும்போதுதான் "நீங்க யாரு, எந்தக் குடும்பம்?" என்ற கேள்வி வருகிறது. வேலைக்காக ஊர் மாறியவர்கள், போன ஊரில் ஏதாவது ஒரு சபையில் பெயரைப் பதிந்து வைப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது அடக்கம். கத்தோலிக்கச் சட்டத்தின் 1184-ம் விதி, யாருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு மறுக்கப்படலாம் என்று பட்டியலிடுகிறது. விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர்கள், பகிரங்கமான பாவ வாழ்வால் மற்றவர்களுக்கு இடறலாக இருப்பவர்கள் போன்றோர் அதில் இருக்கிறார்கள். அவர்கள்கூட இறக்கும் முன் மனம் வருந்தியதற்கான அடையாளம் காட்டியிருந்தால் மறுக்கக் கூடாது. 'ஞாயிறு பூசைக்கு வராதவர்' என்று தனியாக ஒரு வகை அந்தப் பட்டியலில் இல்லை.

நடைமுறையில் தகராறு வருவது பெரும்பாலும் வேறு இடத்தில். சந்தா பாக்கி, வேறு சபைக்குப் போனது, கமிட்டியோடு பழைய மனஸ்தாபம் ஆகியவைதான் வாசலில் வந்து நிற்கும். கல்லறைத் தோட்டம் சபையின் சொத்தாக இருப்பதால், உறுப்பினர் யார் என்பதே கேள்வியாகிவிடுகிறது. துக்க வீட்டில் நின்றுகொண்டு இதைப் பேசும் நிலை யாருக்கும் வரக் கூடாது. உறுப்பினர் விவரங்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வதுதான் வழி.

யூடியூபில் பார்த்தால் கணக்கில் வருமா?

2020 மார்ச்சில் கரோனா ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டுக் கோயில்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. மார்ச் 27-ல் போப் பிரான்சிஸ், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று ஆசி வழங்கியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. வழிபாட்டுத் தலங்கள் மாநிலம் முழுவதும் திறக்கப்பட்டபோது செப்டம்பர் 1 ஆகிவிட்டது.

அந்த மாதங்களில் செல்போன்தான் கோயில். 'இதுவும் ஆராதனைதானே' என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வந்தது. இதற்கு வாடிகன் அதே செப்டம்பரில் பதில் சொன்னது. வழிபாட்டுத் துறைக்கு அப்போது தலைவராக இருந்த கர்தினால் ராபர்ட் சாரா ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: ஒளிபரப்பு என்பது நோயாளிகளுக்கும் வர முடியாதவர்களுக்கும் பெரிய சேவை. ஆனால் நேரில் பங்கேற்பதற்கு அது ஈடாகாது.

காரணம் எளிது. நற்கருணையைத் திரையில் பார்க்கலாம், வாங்க முடியாது. அந்த அம்மா சொன்ன சோற்றுக் கணக்கும் இதுவேதான். பிரசங்கத்தை மையமாகக் கொண்ட சபைகளில் இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் அவர்களும் படுக்கையில் கிடக்கும் பாட்டி பார்ப்பதையும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பச் சோம்பல்படும் பேரன் பார்ப்பதையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

கோயிலுக்கே போகாத விசுவாசிகள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. போக விரும்பியும் போக முடியாதவர்கள்.

சிவகாசியில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இந்துக் குடும்பத்துப் பெண்கள் சிலர் ரகசியமாக இயேசுவை வழிபட்டு வந்தார்கள். 'ரகசியக் கிறிஸ்தவர்கள்' என்ற பெயரில் இவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் எலிசா கென்ட் எழுதியிருக்கிறார். கோயிலுக்குப் போனால் குடும்பத்தில் பிரச்சினை; அதனால் வீட்டுக்குள்ளேயே விசுவாசம்.

1980-களின் தொடக்கத்தில், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் என்பவர் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடத்தினார். ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல், இயேசுவையே தெய்வமாக வணங்குபவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பதை அவர் பதிவுசெய்தார். பின்னர் அது 'சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி' என்ற புத்தகமாக வந்து உலக அளவில் விவாதத்தைக் கிளப்பியது. இவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா? இறையியலாளர்கள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை.

எதிர்த் திசையிலும் யோசிக்கலாம். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகும் லட்சக்கணக்கானோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. கோயிலுக்குப் போவதாலேயே ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவதில்லை.

நீதிமன்றம் வரை போன கேள்வி

'கோயிலுக்குப் போகிறாரா' என்பது சிலருக்கு வேலையையே தீர்மானிக்கும் கேள்வி. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில், கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் மருத்துவரின் வழக்கு வந்தது. கிறிஸ்தவரைத் திருமணம் செய்தவர் அவர். அவரது கிளினிக் சுவரில் சிலுவை இருந்தது என்பதையெல்லாம் காட்டி, பட்டியல் சாதிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டிருந்தது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு அந்த ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்தது. குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போவதால் மட்டுமே ஒருவர் தன் பழைய நம்பிக்கையை முழுவதும் கைவிட்டதாக ஆகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

2024 நவம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு திசையில் போனது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தான் இந்து என்று கூறி பட்டியல் சாதிச் சான்று கேட்டிருந்தார். ஞானஸ்நானம் பெற்றது, தவறாமல் ஆலயத்துக்குப் போவது ஆகியவற்றைக் கருத்தில் எடுத்த நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர்.மகாதேவன் அமர்வு, அவர் கிறிஸ்தவத்தைத்தான் பின்பற்றுகிறார் என்று முடிவுசெய்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆலய வருகை ஒரு சாட்சியம். அது மட்டுமே முடிவு அல்ல. ஆனால் ஞானஸ்நானத்தோடு சேர்ந்தால் அதற்குக் கனம் கூடிவிடுகிறது. கோயிலுக்குப் போகலாமா என்று தயங்கும் தலித் விசுவாசியின் மனதில் இறையியல் மட்டும் ஓடுவதில்லை.

ஏன் போவதை நிறுத்துகிறார்கள்?

நின்றுபோனவர்களைக் கேட்டால் 'கடவுள் மேல் கோபம்' என்று சொல்பவர்கள் குறைவு. "எலெக்‌ஷன் சண்டை தாங்கல", "எப்பப் பாத்தாலும் காணிக்கைப் பேச்சு", "பிரசங்கத்துல ஒண்ணுமே இல்ல" போன்றவைதான் அதிகம் கேட்கக் கிடைக்கும் பதில்கள்.

இவற்றையெல்லாம்விடக் கனமானது சாதி. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தனிப் பங்கு கேட்டு தலித் கத்தோலிக்கர்கள் போராடியதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரிக்கும் சுவர் பல காலம் விவாதப் பொருளாக இருந்தது. சமமாக உட்கார இடம் கிடைக்காதவரிடம் 'ஏன் வரவில்லை' என்று கேட்கும் முன், அந்தக் கேள்வியைச் சபை தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போவதால் என்ன பலன்?

ஆன்மிகத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 74,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு 2016-ல் வெளியானது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடம், போகவே போகாதவர்களைவிட அந்தக் காலகட்டத்தில் இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்காக 'கோயிலுக்குப் போனால் ஆயுசு கூடும்' என்று சொல்லிவிட முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே போக முடியும்? இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் ஆய்வு நடந்தது. இருந்தாலும் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, அறுதியான நிரூபணம் அல்ல.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. வழக்கமாக வரும் பெரியம்மா ஒரு ஞாயிறு வரவில்லை என்றால், ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்கதவைத் தட்டுவார். பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கும் முதியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் பதில் என்ன?

கத்தோலிக்கர் என்றால், தக்க காரணம் இல்லாதபோது கட்டாயம். சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் ரட்சிப்புக்கான நிபந்தனை அல்ல. ஆனால் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு. பெந்தெகொஸ்தே சபைகளில் எழுதாத சட்டம். உடல்நிலை, வேலை, குழந்தை, தூரம் ஆகியவற்றால் வர முடியாதவரைக் குற்றவாளி என்று எந்தச் சபையும் சொல்வதில்லை. அப்படி யாராவது சொன்னால் அது அவர் சொந்தக் கருத்து.

ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் அந்தப் பையனுக்கும் வழி இருக்கிறது. பல நகரக் கோயில்களில் ஞாயிறு மாலை ஆராதனை உண்டு. கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலியும் போதும். அம்மா செய்யக்கூடியது, மாலை மணி அடிக்கும்போது ஒரு தரம் எழுப்பிவிடுவது. சபை செய்யக்கூடியது, ஜஸ்டின் காலத்துச் சபை செய்ததைத்தான்: வராதவரின் பெயரை அடிப்பதற்கு முன், அவர் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவது.